திரும்பி வந்த வெயிலில் ஒருத்தி

பெரிய மனிதர்களை மேலே இருந்து பார்க்க முடியாது. இந்தச் சின்ன விஷயத்தை அரசாங்கம் தெரிந்துகொள்வதற்குள், மலைமேல் ஏழு பெரிய கிண்ணங்களைக் கட்டி முடித்து, மேளதாளத்தோடு திறப்பு விழாவும் நடத்திவிட்டார்கள்.

விஞ்ஞானம் என்று பார்த்தால் கொஞ்சம்தான். நம்மிடமிருந்து தொண்ணூற்றைந்து ஒளியாண்டு தூரத்தில் ஒரு கருந்துளை இருக்கிறது. அதன் பக்கமாகப் போகும் வெளிச்சத்தில் ஒரு துளி, பிரகாரம் சுற்றுகிறவர் மாதிரி அதை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிடுகிறது. பூமியில் பட்டுத் தெறித்து மேலே போன வெயிலும் அப்படித்தான் திரும்பி வருகிறது. போகத் தொண்ணூற்றைந்து வருடம், வரத் தொண்ணூற்றைந்து வருடம். ஆக, கிண்ணங்களில் இன்றைக்கு விழுவது நூற்றுத்தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய வெயில். அந்த வெயிலில் நின்றவர்களும் நடந்தவர்களும் அவர்களுடைய நிழல்களும் அதற்குள் இருக்கிறார்கள். முகம் தெரியாது. சத்தம் கிடையாது. தலை ஒரு புள்ளி, தலையில் குடம் இருந்தால் கொஞ்சம் பெரிய புள்ளி, அவ்வளவுதான்.

செய்தி வெளியானதும் ஆளாளுக்கு ஆசைப்பட்டார்கள். சமஸ்தானத்து மகாராஜாக்களைப் பார்க்கலாம், சட்டசபைத் தலைவர்களைப் பார்க்கலாம், ஆலை கட்டிய முதலாளிகளைப் பார்க்கலாம் என்று விண்ணப்பங்கள் குவிந்தன. பார்த்தால், மகாராஜாக்கள் கூரைக்கு அடியில் இருந்தார்கள். வெளியே வந்தால் குடை. குடை இல்லாவிட்டால் பந்தல். ஒரு பட்டாபிஷேகத்துக்காகப் பல மாதம் தயாராகிக் கடைசியில் கிடைத்தது பந்தலின் மேல்பக்கமும் அதில் உட்கார்ந்திருந்த சில காக்கைகளும்தான்.

சரி, வெயிலில் யார்தான் இருந்தார்கள் என்றால், பெண்கள் இருந்தார்கள். நாற்று நட்டவர்கள், நெல் காயப்போட்டவர்கள், சாலைக்குக் கல் சுமந்தவர்கள், தண்ணீருக்குப் போனவர்கள், போய்விட்டு வந்து மறுபடியும் போனவர்கள். ஏர் ஓட்டும் ஆண்களும் உண்டு. அவர்களும் உச்சி வேளையில் மரத்தடிக்குப் போய்விடுவார்கள். மொத்தத்தில், மேலே இருந்து பார்த்தால் அந்தக் காலத்துத் தமிழ்நாடு பெண்களின் நாடாக இருந்தது. ஆனால் அவர்களைப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் விண்ணப்பம் போடவில்லை. போடுவதற்கு ஒரு பெயர் வேண்டுமே.

மாதரசி அந்தத் திரும்பொளி நிலையத்தில் பார்வையாளர். புள்ளிகளைப் படிப்பது அவள் வேலை. எந்தப் புள்ளி நடக்கிறது, எது நோயாளி, எது பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிறது என்பதை நடையையும் நிழலையும் வைத்துச் சொல்ல வேண்டும். இதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று நிலையத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அவளுடைய அம்மா வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய அன்று அவள் பணியில் இருந்தாள். ஒரு திவானுடைய குடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் வந்தபோது குடை இன்னும் மடங்கவில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை, ஆனால் அன்றிலிருந்து குடைகள்மேல் அவளுக்கு ஒரு கடுப்பு இருந்தது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

கீழைமங்கலத்திலிருந்து அந்த இருவரும் வந்தது மாசி மாதத்தில். அக்காளும் தம்பியும். அக்காள் சௌந்தரவல்லி, எழுபது வயது இருக்கும், கைத்தடி வைத்திருந்தாலும் அதை ஊன்றாமல் நடக்கிறவர். தம்பி ரகுநாதன், வள்ளல் அறக்கட்டளையின் தலைவர். கீழைமங்கலம் வள்ளல் என்றால் பள்ளிக்கூடப் பாடத்தில் வருகிறவர், தாண்டவராயர்; இந்த இருவருக்கும் முப்பாட்டன். ஊரில் வாந்திபேதி வந்து கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது, நோய் கிணற்றுத் தண்ணீரில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு சித்திரை மாத உச்சிவேளையில் ஊரைக் கூட்டி, கடைத்தெருக் கிணற்றைத் தம் கையாலேயே மூடியவர். அவருடைய சிலை அந்தக் கிணற்றடியில்தான் நிற்கிறது. அந்தக் குறிப்பிட்ட உச்சிவேளையின் வெயில் இன்னும் சில வாரங்களில் மலைக்கு வந்து சேரும். அதைப் பதிவு செய்து விழாவில் போட்டுக்காட்ட வேண்டும் என்பது விண்ணப்பம். கையெழுத்துப் போட்டிருந்தது அக்காள்.

வழக்கப்படி மாதரசி அவர்களுக்கு விஷயத்தை விளக்கினாள். கிண்ணங்களின் கண் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு தெருக்களைத்தான் பார்க்கும். வெயில் ஒரே தடவைதான் வரும்; தவறவிட்டால் தவறவிட்டதுதான், அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. பதிவு நேரத்தில் மட்டும்தான் ஏழு கிண்ணமும் சேர்ந்து வேலை செய்யும், அது மட்டும்தான் சான்று. அதற்கு முந்தைய ஒத்திகை நாட்களில் ஒரே ஒரு கிண்ணத்தில் பார்ப்பார்கள், மங்கலாக, பதிவு இல்லாமல். அதில் பார்வையாளர் எதைப் பார்த்தாலும் அது கணக்கில் வராது.

"மேகம் இருந்துச்சுன்னா?" என்று ரகுநாதன் கேட்டார்.

"மேகம்தான் தெரியும். சித்திரை மாசம், பயப்படாதீங்க."

ஜன்னல் வழியாகக் கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்த சௌந்தரவல்லி திரும்பாமலே கேட்டார். "ஏம்மா, ஒரு ஆளு வந்தா வந்தது தெரியும். வரலைன்னா? வரலைங்கறதும் தெரியுமா?"

"தெரியும்மா. காலி இடமும் பதிவாகும்."

"அப்போ சரி," என்றார் அவர். "நடுவுல கண்ணை மட்டும் எடுத்துடாத. அந்தக் கிணத்துமேலயே இருக்கட்டும்."

கிழவிக்கு முப்பாட்டன்மேல் எவ்வளவு பக்தி என்று மாதரசி நினைத்துக்கொண்டாள். மேற்கொண்டு கேட்கவும் கூடாது. எதைப் பார்க்கப்போகிறோம் என்று விண்ணப்பக்காரர் பார்வையாளரிடம் சொன்னால் அந்தச் சான்று செல்லாது; சொன்னதையே பார்த்துவிடுவார்கள் என்று ஒரு விதி. நல்ல விதிதான். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மறுநாளே ஒத்திகை தொடங்கியது. ஒரு கிண்ணத்தில் கீழைமங்கலம் கஞ்சித் தண்ணீரில் விழுந்த ஊர்போலத் தெரிந்தது. மாதரசிக்கு அது போதும். முதலில் அவள் பார்த்தது பாடைகளை. நாலு புள்ளி சேர்ந்து ஒரே சீராக நடந்தால் பாடை. கடைத்தெருவைச் சுற்றிய சந்துகளிலிருந்து அவை ஆற்றங்கரைக்குப் போய்க்கொண்டே இருந்தன. போகப்போக நாலு புள்ளி ரெண்டு புள்ளி ஆயிற்று. தூக்க ஆள் இல்லை என்று அர்த்தம்.

அந்தத் தெருக்களின் முனையில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். காலையில் இந்த முனை, வெயில் ஏறியதும் அந்த முனை. பாடை போகும்போது ஒதுங்காமல் நின்று அது எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று பார்ப்பவள்போல அந்தத் திசைக்குத் திரும்புவாள். அந்த ஊர்ப் பெண்கள் சுவரை ஒட்டித்தான் நடந்தார்கள். இவள் தெருவின் நடுவில் நடந்தாள். எத்தனை மங்கலாக இருந்தாலும் அதை வைத்து அவளைக் கண்டுபிடித்துவிடலாம். கொஞ்ச நாள் இப்படி நின்று பார்த்தவள், ஒருநாள் காட்டுப்பக்கம் போய்த் தலையில் பெரிய வட்டமாக எதையோ சுமந்து வந்தாள். கடைத்தெருக் கிணற்றின் வாய்மேல் அதைப் போட்டாள். மறுபடியும் போனாள், மறுபடியும் கொண்டுவந்தாள். முள். கருவேல முள்ளை வெட்டி வந்து கிணற்றை மூடிக்கொண்டிருந்தாள்.

மாதரசி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

பக்கத்து இருக்கையில் இருந்த துரைராஜைக் கூப்பிட்டுக் காட்டினாள். துரைராஜ் சேவியர் அவளுடைய மேலதிகாரி, நல்ல மனுஷன், எதையும் மூன்று தடவை யோசிக்கிறவர். அவருக்கு அது வெறும் பழுப்புக் கறையாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் அன்றிலிருந்து நிலையத்தில் அந்தப் பெண்ணுக்கு முள்ளுக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. டீ குடிக்கும்போது சமையற்காரர்கூட விசாரிக்க ஆரம்பித்தார், இன்றைக்கு முள்ளுக்காரி என்ன செய்தாள் என்று.

அவள் செய்தது எல்லாம் ஒரே காரியம்தான். முள்ளைப் போடுவாள். ஆண்கள் வந்து அதை இழுத்துப் போடுவார்கள். ஒருநாள் நாலைந்து பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள், கைகள் ஏறி இறங்கின, அவள் தரையில் விழுந்தாள். மறுநாள் காலில் ஒரு இழுப்போடு வந்து மறுபடியும் முள்ளைப் போட்டாள். குடத்தோடு வருகிற பெண்களை மறித்து ஆற்று மணலில் தோண்டிய ஊற்றுக்குத் திருப்பி அனுப்பினாள். முதலில் யாரும் போகவில்லை. பிறகு ஒருத்தி போனாள், பிறகு அவள் தெருவே போனது. கிணற்று முள்ளை இழுத்துப்போட வருகிறவர்கள் குறைந்தார்கள். பாடைகளும் குறைந்தன.

இதெல்லாம் நடந்து முடிந்த பிறகும் சித்திரையின் அந்தக் குறிப்பிட்ட நாள் வரவில்லை என்பதை மாதரசி கவனித்தாள். கிணறு ஏற்கெனவே மூடிக் கிடக்கிறது. வள்ளல் எதை மூடப்போகிறார்?

"மூடின கிணத்தை வந்து மூடுவாரு. போட்டோவுக்கு நிக்கற மாதிரி நிப்பாரு. நாமளும் ஏழு கிண்ணத்தையும் சேத்து அந்தக் குடையைப் பதிவு பண்ணுவோம். ஊரு கும்பிடும்," என்றாள் துரைராஜிடம்.

அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒத்திகையில் பார்த்ததைச் சொன்னால் யார் கேட்பார்கள்? பதிவு இல்லை, ஒரே ஒரு பார்வையாளரின் வார்த்தை. அன்றைக்கு முள்ளுக்காரி கிணற்றடியில் இருந்தால் அவளும் பதிவில் வருவாள், அதற்கு மேல் நாம் ஆசைப்படக் கூடாது என்றார். மாதரசிக்கு ஆத்திரமாக வந்தது. ஊரே சாகாமல் பார்த்துக்கொண்டவள் படத்தின் ஓரத்தில் ஒரு புள்ளியாக வருவாளாம், அதுவே பாக்கியமாம்.

அந்த நாள் வந்தது. ஏழு கிண்ணமும் சேர்ந்ததும் கீழைமங்கலம் கழுவி விட்ட மாதிரி பளிச்சென்று தெரிந்தது. கிணற்றின் கல் விளிம்பு தெரிந்தது. முள் குவியலின் ஒவ்வொரு கிளையும் தெரிந்தது. முள்ளுக்காரி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலை நடுவில் வகிடுகூடத் தெரிந்தது. அறக்கட்டளையிலிருந்து யாரும் உள்ளே வரக்கூடாது என்பதால் அறையில் அவளும் துரைராஜும் மட்டும்தான்.

உச்சிவேளைக்கு இன்னும் நேரம் இருந்தது. நிழல்கள் குட்டையாகிக்கொண்டிருந்தன. குடை எதுவும் தென்படவில்லை. அப்போது முள்ளுக்காரி எழுந்தாள். எழுந்தவள் கிணற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். ஒதுக்கி வைத்திருந்த ஒரு முள்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, வடக்கே நடக்கத் தொடங்கினாள். தெருவின் நடுவில்தான். ஆனால் நடை நேராக இல்லை. கொஞ்ச தூரம் போனதும் கட்டை இறக்கிவிட்டு ஓரமாகப் போய்க் குந்தினாள். எழுந்தாள். மறுபடியும் கட்டைத் தூக்கினாள். படத்தின் விளிம்புக்குப் போவதற்குள் மறுபடியும் ஒருமுறை.

இந்த மாதிரிக் குந்துவதை மாதரசி அந்த ஊரில் பல வாரமாகப் பார்த்திருக்கிறாள். அது எங்கே போய் முடியும் என்றும் பார்த்திருக்கிறாள்.

"வந்துடுச்சு சார் அவளுக்கு," என்றாள்.

அந்தப் பெண் விளிம்புக்கு வந்துவிட்டாள். இன்னும் பத்தடி வைத்தால் படத்தை விட்டுப் போய்விடுவாள், அப்புறம் அவளை எந்தக் காலத்திலும் யாரும் பார்க்க முடியாது. மாதரசியின் கை கண்ணை நகர்த்தும் குமிழின்மேல் இருந்தது.

"கிணத்துலயே நில்லு மாதரசி," என்றார் துரைராஜ். "இன்னும் கொஞ்ச நேரம்தான். அந்த ஆளு வந்துடுவாரு."

"வரட்டும் சார். அவரைத்தான் ஊரே பாத்துக்கிட்டு இருக்கே."

குமிழைத் திருப்பினாள். கிணறு மெதுவாகப் படத்தின் கீழ்ப்பக்கம் இறங்கி மறைந்தது. முள்ளுக்காரி நடுவுக்கு வந்தாள். திரும்பக் கொண்டுபோக வேண்டுமானால் வந்த நேரம் ஆகும், அதற்குள் உச்சி சாய்ந்துவிடும். துரைராஜ் நினைத்திருந்தால் ஆரம்பத்திலேயே அவள் கையைத் தட்டிவிட்டிருக்கலாம். தட்டவில்லை.

ஊர் முடிந்து பொட்டல் வந்தது. பொட்டல் நடுவே ஒற்றையடிப் பாதை. அவள் நடப்பாள், கட்டை இறக்குவாள், குந்துவாள், எழுவாள். ஒருதடவை எழுந்திருக்க முடியாமல் கைகளை ஊன்றித் தவழ்ந்து கட்டுக்கு வந்தாள். கட்டு வேண்டாம், விட்டுவிட்டுப் போ என்று மாதரசி வாய்விட்டே சொன்னாள். நூற்றுத்தொண்ணூறு வருடம் தள்ளி இருக்கிறவளுக்கு அது எப்படிக் கேட்கும்? கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

பாதை ஓடைக்குறிச்சி என்ற அடுத்த ஊருக்குப் போனது. அங்கே ஊர் முகப்பிலேயே ஒரு கிணறு. அதைச் சுற்றி ஒருவரும் இல்லை, வெயில் அப்படி. அவள் முள்கட்டை அவிழ்த்துக் கிளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்று வாய்மேல் பரப்பினாள். அவசரப்படவில்லை, ஒரு கிளை சரிந்தபோது அதைத் திரும்ப எடுத்து வேறு மாதிரி வைத்தாள். எல்லாம் முடிந்ததும் கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பதிவு நேரம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய நிழல் மட்டும் கிழக்கே நீண்டுகொண்டே போனது. கடைசிப் பகுதியில் நிழலும் ஆடவில்லை, அவளும் ஆடவில்லை. மாதரசி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுநீர் கழிக்கக்கூட எழுந்து போகவில்லை.

விசாரணை பெரிதாக நடந்தது. விண்ணப்பித்த இடத்தை விட்டுக் கண்ணை எடுத்தது குற்றம், அதில் சந்தேகமே இல்லை. மாதரசியும் மறுக்கவில்லை. வேலை போயிற்று. துரைராஜைப் பதவி இறக்கி நிலையத்தின் வாகனப் பிரிவுக்கு மாற்றினார்கள். சமையற்காரர் மாதரசிக்கு ஒரு டப்பா நிறைய முறுக்கு கொடுத்து அனுப்பினார்.

அவள் மலையிறங்கிய அன்று கீழே பஸ் நிறுத்தத்தில் ஒரு கார் நின்றிருந்தது. உள்ளே சௌந்தரவல்லி. திட்டப்போகிறார் என்று நினைத்து, திட்டட்டும் என்று மாதரசியும் ஏறி உட்கார்ந்தாள். தப்பு என்னுடையதுதான், உங்கள் முப்பாட்டனைப் பார்க்க விடாமல் செய்துவிட்டேன் என்று தானாகவே ஆரம்பித்தாள்.

"அவரு வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் சௌந்தரவல்லி.

மாதரசிக்குப் புரியவில்லை.

அவர் நிதானமாகச் சொன்னார். ஊரில் பேதி தொடங்கியதுமே வள்ளல் தன் பெட்டி படுக்கையோடு மலை பங்களாவுக்குப் போய்விட்டார். ஆடியில்தான் திரும்பி வந்தார். வந்தபோது ஊர் பிழைத்துக் கிடந்தது. கிணற்றை மூடியது யார் என்று கேட்ட கலெக்டருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது; சித்திரையில் ஒரு நாளைக் குறிப்பிட்டு, தானே மூடியதாகச் சொல்லிவிட்டார். அந்த வீட்டுப் பெண்களுக்கு இது தெரியும். மாமியார் மருமகளிடம் சொல்வாள், அத்தை அண்ணன் மகளிடம் சொல்வாள், ஆண்கள் வந்தால் பேச்சை மாற்றிவிடுவார்கள். சௌந்தரவல்லி ஒருமுறை தம்பியிடம் வெளிப்படையாகச் சொன்னார். பொம்பளைகள் அடுப்படியில் பேசுகிற கதை என்று அவர் சிரித்துவிட்டார்.

"அதான் உங்க கிண்ணத்தைத் தேடி வந்தேன். நான் சொன்னா கதை. அது சொன்னா சான்று. நடு மத்தியானம், அந்தக் கிணத்தடி, முள்ளு கெடக்கு, ஒரு ஈ காக்கா இல்ல. அது ஒண்ணு பதிவாகியிருந்தா போதும். அப்புறம் அதை மூடுனது யாருன்னு ஊரு தானே தேடியிருக்கும்." கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டார். "உங்ககிட்ட சொல்லவும் விதி விடல. கண்ணை எடுத்துடாதன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது."

கார் ஆம்பூர் தாண்டியது. வரலைங்கறதும் தெரியுமா என்று இவர் கேட்டபோது, பக்திக் கிழவி என்று தான் நினைத்தது மாதரசிக்கு ஞாபகம் வந்தது. அவளுக்காகத்தானே கண்ணைத் திருப்பினேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே அது எடுபடவில்லை.

"அவ கடைசியா எங்க போனா?" என்று சௌந்தரவல்லி கேட்டார்.

மாதரசி எல்லாவற்றையும் சொன்னாள். முள்கட்டை, பொட்டல், தவழ்ந்தது, ஓடைக்குறிச்சிக் கிணறு, ஆடாத நிழல். கேட்டுவிட்டுச் சௌந்தரவல்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது எங்க வீட்டுப் பேச்சுல இல்ல," என்றார். "முள்ளு போட்ட பொண்ணுன்னுதான் சொல்வாங்க. எங்க செத்தான்னு யாருக்கும் தெரியாது."

விழா ஐப்பசியில் நடந்தது. பதிவு சான்றுள்ளது என்பதால் அறக்கட்டளை அதைக் கைவிடவில்லை. ரகுநாதன் கெட்டிக்காரர். மூடிக் கிடக்கும் கிணறு வருகிற ஆரம்பத்தை விட்டுவிட்டு, அவள் நடக்கத் தொடங்கும் இடத்திலிருந்து படத்தை வைத்துக்கொண்டார். உச்சிவேளையில் கிணற்றடியில் என்ன நடந்தது என்று சொல்ல யாரும் இல்லை. அங்கே வள்ளல் வரவில்லை என்று மறுக்கவும் யாரும் இல்லை. கையில் இருப்பதோ ஒருத்தி அந்த ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு முள் சுமந்துபோய்க் கிணற்றை மூடும் படம். அதைவிட வேறென்ன வேண்டும்?

மைதானத்தில் பந்தல் போட்டுப் பெரிய திரை கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், நூற்றுத்தொண்ணூறு வருடத்தில் அது மட்டும் மாறவில்லை. சௌந்தரவல்லி வற்புறுத்தியதால் மாதரசி வந்திருந்தாள். முன்வரிசை வேண்டாம் என்று நடுவில் ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள். படம் ஓடியது. கணீரென்று ஒரு குரல் பின்னால் பேசியது. தம் ஊரைக் காத்த வள்ளல் அத்தோடு நிற்கவில்லை என்றது. அண்டை ஊரும் பிழைக்கட்டும் என்று, இதோ, தம் பணிப்பெண்ணை அனுப்பிவைக்கிறார் என்றது. எசமானரின் ஆணையைத் தலைமேல் சுமந்து செல்கிறாள் இந்த விசுவாசி என்றது. ஆண்கள் பக்கம் கைதட்டல் எழுந்தது.

மாதரசி திரும்பிச் சௌந்தரவல்லியைத் தேடினாள். அவர் முன்வரிசையில் தம்பிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கை தட்டவில்லை. இத்தனை காலமும் அந்தப் பெண் யாருமில்லாதவளாக இருந்தாள், இப்போது வள்ளலுடைய வேலைக்காரி ஆகிவிட்டாள். அதற்கான படத்தை எடுத்துக் கொடுத்தது நான்தான் என்று மாதரசி நினைத்தாள். அதை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது.

திரையில் அவள் கட்டை இறக்கிவிட்டுக் குந்தினாள். வழியில் சற்றே இளைப்பாறுகிறாள் என்றது குரல். அவள் எழுந்தாள், நடந்தாள், குந்தினாள். மீண்டும் இளைப்பாறுகிறாள் என்றது குரல். மாதரசிக்கு முன்னால் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் தொடையைத் தட்டினாள்.

"இளைப்பாறலடி. வயித்தால போகுது அவளுக்கு. உக்கார்ற விதத்தைப் பாரு."

"ஆமா," என்றாள் மற்றவள். "எனக்கும் அப்பத்துல இருந்து அதான் தோணுது."

அது வரிசையில் பரவியது. யாரும் சத்தம் போடவில்லை. ஒருத்தி இன்னொருத்தியிடம் குனிந்து சொன்னாள், அவள் அடுத்தவளிடம். பெண்கள் பக்கத்தில் பேச்சு அடங்கிவிட்டது. அவள் தவழ்ந்தபோது பின்னால் யாரோ ஐயோ என்றார்கள். ஆணையிட்டவன் இந்த நிலையிலா ஒருத்தியை அனுப்புவான் என்று ஒரு குரல் கேட்டது, யார் என்று தெரியவில்லை. ஓடைக்குறிச்சிக் கிணற்றில் அவள் முள்ளைப் பரப்பிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். கடமை முடித்த நிம்மதி என்றது பின்குரல். ஆண்கள் பக்கம் மறுபடியும் கைதட்டினார்கள். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கைகூட எழவில்லை. முன்வரிசையில் சௌந்தரவல்லி முதல்முறையாகத் திரும்பி, பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களை ஒரு வரிசை விடாமல் பார்த்தார்.

நிழல் நீண்டு நின்றது. கைப்பிள்ளைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமலே பின்பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"பாவி, அந்த நேரத்துல அவகூட யாருமே இல்லியா?"

"நான் இருந்தேன்," என்றாள் மாதரசி.

அவள் மாதரசியை ஏற இறங்கப் பார்த்தாள். பைத்தியமோ என்று நினைத்திருக்கலாம். பிறகு பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, நகர்ந்து மாதரசிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.